சுகன்யாவின் பதினோரு நிமிடமும் என் மேஜை மணியும்

என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரஜனி போன மாதம் போன் செய்தாள். நான் வேலை பார்த்த கலைக் கல்லூரியின் வீடியோ பிரிவில், மாணவர்கள் ஒருவர் படத்தைப் பற்றி இன்னொருவர் கருத்துச் சொல்வது இனிமேல் கைபேசியில்தானாம். வாசகங்கள் வரிசையாக வருமாம். பிடித்ததை விரலால் தொட்டால் முடிந்தது. ‘துணிச்சலான முயற்சி’ என்று ஒன்று, ‘இன்னும் ஆழமாகப் போகலாம்’ என்று ஒன்று. பழைய முறை மறந்துபோவதற்குள் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம், ஹிந்தியானாலும் சரி இங்கிலீஷானாலும் சரி என்றாள்.

நான் தமிழில் எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தத் துறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. உண்மையை எழுதுவதற்கு இதைவிட வசதி எனக்குக் கிடைக்காது.

என் பெயர் சண்முகம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மத்திய சர்க்கார் குமாஸ்தாவாகத் தலைநகருக்கு வந்து கரோல் பாகில் வாடகைக்கு இருந்தவர். நான் பிறந்தது அங்கேதான். இப்போது கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். வீடு மனைவி பெயரில் ஒதுக்கியது, அவளுக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. அவளுடைய அலுவலகக் காகிதங்களில் நான் ‘சார்ந்திருப்பவர்’ என்ற கட்டத்தில் வருகிறேன். கல்லூரியில் என் பதவி டெக்னிக்கல் அசிஸ்டென்ட். புரொஜெக்டர் ஓட்டுபவனாகச் சேர்ந்தேன். ஃபிலிம் சுருள் போய் கேஸட் வந்தது, பெரிய கேஸட் போய்ச் சின்ன கேஸட் வந்தது, பிறகு கேஸட்டே இல்லாமல் போனது. நான் மட்டும் அதே பதவியில் இருந்தேன்.

வீடியோ ஆர்ட் என்பது சினிமா அல்ல. அதில் கதை இருக்கக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, ஆனால் இருந்துவிட்டால் மாணவர்கள் வெட்கப்படுவார்கள். குழாய் சொட்டும். மின்விசிறி சுற்றும். யாராவது ஒருவர் யமுனையின் நுரைக்கு முன்னால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். என் சர்வீஸில் நான் திரையில் பார்த்த மின்விசிறிகளையெல்லாம் கழற்றி மாட்டினால் ஒரு சர்க்கார் மந்திராலயக் கட்டடத்துக்கே காற்று வரும். இப்படிச் சொல்வதால் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சில விசிறிகள் உண்மையிலேயே நன்றாகச் சுற்றின.

முன்பெல்லாம் துறைத் தலைவர் படத்தைப் பார்ப்பார், ‘ஹூம்’ என்பார், டீ குடிக்கப் போய்விடுவார். அந்த ஹூமுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசிப்பார்கள். அவர் ஓய்வு பெற்றதும் பட்நாகர் மேடம் தலைவரானார். வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர், வரும்போதே ஒரு முறையைக் கொண்டுவந்தார். இனி ஆசிரியர் தீர்ப்புச் சொல்லமாட்டார், மாணவர்களே ஒருவருக்கொருவர் பயன்படும்படி கருத்துச் சொல்வார்கள் என்றார். அந்த முறையை நான் மனப்பாடமாகச் சொல்வேன்; பதினான்கு வருடம் அதற்குக் காவல் இருந்திருக்கிறேன்.

கதவைச் சாத்தி விளக்கை அணைத்து, படத்தை ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டும். விளக்கு வந்த பிறகு ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அதன்பின் ஒவ்வொருவரும் மூன்று சீட்டு எழுத வேண்டும். ரோஸ் சீட்டில் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும். மஞ்சள் சீட்டில் ஒரு கேள்வி. நீலச் சீட்டில் ஒரு யோசனை. நன்றாக இருந்தது, பிடித்தது, பிடிக்கவில்லை, மோசம் என்ற சொற்கள் அறவே கூடாது. எழுதியதை வாசித்து விவாதிப்பார்கள். படம் எடுத்தவர் முன்னால் ஒரு நாற்காலியில் வகுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கதவு சாத்திய நேரத்திலிருந்து விவாதம் முடியும்வரை அவர் பேசவே கூடாது. கலைஞர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் படம் செத்துவிடும் என்பார் மேடம். கடைசியில் இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் எல்லோரும் சொன்னது ‘தேங்க் யூ’ ஒன்றுதான்.

என் இடம் பின் மூலையில் இருந்த மேஜை. லேப்டாப், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர், ஒரு மணி. ஓட்டல் வரவேற்பு மேஜையில் தலையில் தட்டினால் ‘டிங்’ என்னுமே, அந்த மணி. யார் விதியை மீறினாலும் நான் தட்ட வேண்டும். ஆனால் எனக்குக் கருத்து கிடையாது. டெக்னிக்கல் ஸ்டாஃப் பார்வையாளர் அல்ல என்று விதிமுறைத் தாளிலேயே அச்சடித்திருந்தார்கள்.

முதல் வருடம் மணிக்கு நல்ல வேலை. ஒருவன் எழுந்து “பக்வாஸ்”, அதாவது வெறும் உளறல், என்றான். டிங். உட்கார்ந்து யோசித்துவிட்டு மறுபடி எழுந்து, “இந்தப் படம் என்னை எங்கே கூட்டிக்கொண்டு போக விரும்பியது?” என்று கேட்டான். மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் வசவைக் கேள்வியாக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் அதற்கும் அவசியம் இல்லாமல் போனது. கேன்டீனிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். நீ என் குழாயைப் புகழ், நான் உன் நுரையைப் புகழ்கிறேன் என்று. நீலச் சீட்டில் என்ன யோசனை எழுதுவது என்பதுதான் சிக்கல். யாரையும் புண்படுத்தாத யோசனை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: ‘இன்னும் நீளமாக இருக்கலாம்.’ எல்லோரும் அதையே எழுதினார்கள். கருத்தை ஏற்று என்ன மாற்றினேன் என்று படம் எடுத்தவர் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், அதற்குப் பதினைந்து மதிப்பெண். அதனால் நீட்டினார்கள். நான்கு நிமிடம் சொட்டிக்கொண்டிருந்த குழாய் என் கண் முன்னாலேயே பத்தொன்பது நிமிடத்துக்கு வளர்ந்தது.

மேடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக் கூரையைப் பார்ப்பார். பிறகு “அச்சா” என்பார். அதில் மூன்று அளவு உண்டு. குட்டை அச்சா என்றால் போதும், உட்கார். நடுத்தரம் என்றால் பாஸ். “அச்ச்...சா” என்று இழுத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினால் அந்த மாணவருக்கு அன்று தூக்கம் வராது, சந்தோஷத்தில். இவ்வளவு வருடத்தில் என்னை ஒருமுறைகூட ஒருமையில் பேசியதில்லை. எங்கள் லேபுக்கு ஏ.சி. வாங்கித் தர நிர்வாகத்தோடு அவர் போட்ட சண்டையை நான் நேரில் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். விதிப்படி இதை ரோஸ் சீட்டில் எழுத முடியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து மாதம் இருந்தபோது கடைசி வருட மாணவர்களின் கருத்துச் சுற்று நடந்தது. பன்னிரண்டு பேர். அன்று முதல் படம் விக்ரம் என்ற பையனுடையது: சுவரில் ஓட்டை போடும் ட்ரில் மெஷின், ஒன்பது நிமிடம், நெருக்கத்தில், முழுச் சத்தத்தோடு. நாலாவது நிமிடத்தில் என் கடைவாய்ப் பல் கூச ஆரம்பித்தது. யாருக்கும் தெரியாமல் மிக்ஸரில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஆறாவது நிமிடத்தில் முழுவதுமாக இறக்கிவிட்டேன். விளக்கு வந்ததும் ஒரு பெண் ரோஸ் சீட்டை வாசித்தாள்: “ஒலி பாதியில் தளர்ந்து அடங்குகிறது. நகரத்தின் களைப்பு கேட்கிறது.” விக்ரம் ஆச்சரியப்படுவான் என்று பயந்தேன். அவன் தலையை மெதுவாக ஆட்டி ஏற்றுக்கொண்டான். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில் சத்தத்தைத் திரும்ப ஏற்ற மறந்துபோனேன்.

அடுத்தது சுகன்யா. மோதி பாகிலிருந்து வரும் பெண். வீட்டில் மதுரைத் தமிழ்; இவள் பேசுவது பாதி ஹிந்தி. என்னிடம் மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழில் பேசுவாள். நான்கு வருடத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் குட்டை அச்சாதான். சீட்டுகளில்கூட அவளுக்கு யாரும் இரண்டு வரிக்கு மேல் எழுதியதில்லை, கேன்டீன் உடன்படிக்கை எதிலும் அவள் சேரவில்லை.

அவளுடைய படம் பதினோரு நிமிடம். ஒரு கதவு. அசையாமல் இரண்டு நிமிடம். பிறகு பிரஷர் குக்கர். செருப்பு. சுவர்க் கடிகாரம். கடைசியில் அவளே வந்து நிற்கிறாள், நம்மைப் பார்த்தபடி. அவ்வளவுதான். அறை நிசப்தமாக இருந்தது. வீடியோ ஆர்ட்டில் நிசப்தம் புதிதல்ல. நான் விக்ரமின் சீட்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சுகன்யா பாதி எழுந்து என் பக்கம் கையைத் தூக்கினாள். “அங்கிள், அது...” என்றாள்.

படம் எடுத்தவர் பேசக்கூடாது. டிங் என்று தட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வந்தது, ஒரு நிமிடம் போனது. பிறகு நடந்ததை அந்த அறை அதற்கு முன்பு பார்த்ததில்லை. பொருள்களின் மௌனம் என்றான் ஒருவன். மனிதர் இல்லாத வீட்டின் மூச்சுகூடக் கேட்காத துணிச்சல் என்றாள் இன்னொருத்தி. குக்கர் இருந்தும் விசில் இல்லை, பெண்ணின் அடக்கிவைத்த குரல் அது என்று மூன்றாவது. அந்தக் குக்கரை வைத்தே பத்து நிமிடம் பேசினார்கள். மேடம் கண்ணாடியை மேலே தள்ளினார், கூரையைப் பார்த்தார். “அச்ச்ச்...சா” என்றார். நான்காவதாக இப்படி ஓர் அளவு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு நிற்காமல், “சுகன்யா, இவ்வளவு மௌனத்தைத் தாங்க முதிர்ச்சி வேண்டும்” என்று பெயர் சொல்லிப் பேசினார்.

கடைசி இரண்டு நிமிடம் வந்தபோது சுகன்யா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “தேங்க் யூ” என்றாள்.

ஒரு வாரம் கழித்து என் மேஜைக்கு வந்து பென் டிரைவை வைத்தாள்.

“அங்கிள், ஃபைனல் காப்பி எடுக்கணும். ஆடியோ முழுக்க ஹட்டா தீஜியே... எடுத்துருங்க.”

“இதுல சத்தம் இருக்கா?”

“இருக்கு. அன்னிக்கு வரலை. நான்தான் எக்ஸ்போர்ட்ல கல்தி... தப்பு பண்ணிட்டேன் போல.”

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். கதவு தெரிகிறது. “இது என்னப்பா?” என்று அவள் குரல். ஓர் ஆண் குரல், “க... கத... கதை...” என்கிறது. பெருமூச்சு. நாற்காலி கிறீச்சிடுகிறது. திரும்பவும், “கத...” அப்படியே ஒன்றரை நிமிடம் போராடிக் கடைசியில் “கதவு” என்று வந்து விழுகிறது. குக்கருக்கு, “சோறு... சோறு வக்கிறது” என்று கோபமாகச் சொல்கிறார். கடிகாரத்துக்கு “ஆபீஸ்” என்றார். இல்லப்பா, சரியாச் சொல்லுங்க என்றாள். மறுபடியும் “ஆபீஸ்” என்றார். கடைசியில் அவள் போய்த் திரையில் நின்றுகொண்டு, “இது யாருப்பா?” என்று கேட்கிறாள். அவர் வாயைத் திறந்து மூடுவது கேட்கிறது. பதில் வரவில்லை. படம் முடிந்துவிடுகிறது.

அவளுடைய அப்பா ராமலிங்கம், ஏதோ மந்திராலயத்தில் செக்‌ஷன் ஆபீசர். பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. ஆயுள் முழுக்க ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் கோப்பு எழுதிய மனிதருக்குத் திரும்பி வந்த வார்த்தைகள் எல்லாம் தமிழாக இருந்தன. அந்த வகுப்பில் யாருக்கும் புரிந்திருக்காது. புரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான்தான் மிக்ஸர் குமிழை இறக்கி வைத்திருந்தேன், பேச எழுந்த பெண்ணை மணி தட்டி உட்கார வைத்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

“தப்பு ஒன் மேல இல்லம்மா” என்றேன். “மிக்ஸர்ல நான்தான் சத்தத்தக் கொறச்சு வச்சிருந்தேன். அந்த ட்ரில் சத்தம் தாங்கல. திருப்பி ஏத்த மறந்துட்டேன். மேடத்துக்கிட்ட போயிச் சொல்லுதேன். மறுபடி ஒரு தடவ ஓட்டிருவோம்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பதறிப்போனாள்.

“நஹீ அங்கிள், வேணாம். அவங்க எல்லாருக்கும் சைலன்ஸ்தான் பிடிச்சிருக்கு. இப்பதான் கிளாஸ்ல எங்கூட உக்காந்து சாப்பிடறாங்க. சவுண்ட் போட்டா பாவம்னு பாப்பாங்க. ஃபிஃப்டீன் மார்க்ஸும் போயிடும்.” பென் டிரைவை என் பக்கம் நகர்த்திவிட்டு, “லாஸ்ட்ல அவர் என் பேர் சொல்லலை. அது இல்லைன்னா எனக்கும் நல்லதுதான்” என்றாள்.

அப்பாவின் குரலைத் துடைத்துவிடச் சொல்லி ஒரு பெண் என் முன்னால் நிற்கிறாள். அதற்குக் காரணம் நான். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கும் ஆளுக்கு வரக்கூடாத சோதனை. இருந்தாலும் மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் பேசியது ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து, தமிழில் எழுதுகிறேன். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் கண்ணாடியை மேலே தள்ளினார். வெகுநேரம் கூரையைப் பார்த்தார்.

“ஷண்முகம் ஜி, அந்த மௌனத்தைப் பற்றி நான் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டேன்.”

“சரி மேடம்.”

“வகுப்பு நேர்மையாகத்தான் கருத்துச் சொன்னது. அவர்கள் பார்த்த படம் மௌனப் படம். அந்தப் பெண்ணே அதை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். நடுவில் மிக்ஸரைக் கொண்டுவருவது முறைக்கு நல்லதல்ல.”

“சரி மேடம். ஆனா அதில சத்தம் இருந்தது.”

“உங்களுக்கு இன்னும் எத்தனை மாசம் சர்வீஸ்?”

“அஞ்சு.”

“அச்சா. நிம்மதியாக முடித்துவிட்டுப் போங்கள்.”

அது குட்டை அச்சா. மிரட்டினார் என்று சொல்லமாட்டேன், அவர் உண்மையிலேயே என் நிம்மதியைத்தான் நினைத்திருக்கலாம். நான் லேபுக்குத் திரும்பி வந்து சத்தத்தை நீக்கி, சுகன்யா கேட்டபடியே காப்பி எடுத்துக் கொடுத்தேன். கோழைத்தனம் என்று இன்றைக்குத் தெரிகிறது, அன்றைக்கும் தெரிந்தது. அசல் கோப்பை மட்டும் என் லேப்டாப்பில் அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

கடைசித் திரையிடலுக்கு வெளியிலிருந்து இரண்டு நடுவர்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் ஓடும் படத்தை வைத்துத்தான் பட்டம். பெற்றோருக்கு அழைப்பிதழ் அனுப்புவது என் பொறுப்பு. வழக்கமாக மாணவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன், அவர்களும் வழக்கமாக வீட்டில் கொடுக்க மறந்துவிடுவார்கள். சுகன்யாவின் அழைப்பிதழில் மட்டும் ‘திரு. ராமலிங்கம்’ என்று தமிழில் எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மோதி பாகுக்குப் போய்க் கொடுத்தேன். சுகன்யா வீட்டில் இல்லை. அவள் அம்மாதான் கதவைத் திறந்தார். படத்தில் வந்த அதே கதவு.

“வாங்கண்ணே, உக்காருங்க. இவருக்குப் பேச்சு இப்பத் தேவலை, ஆனா வந்தவுகள வாங்கன்னு சொல்ல கொஞ்சம் நேரமாகும். தப்பா எடுத்துக்கிறாதீங்க.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராமலிங்கம் அழைப்பிதழை வாங்கித் தன் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “வாங்... வாங்க” என்றார்.

“பிள்ள இவரு பேசுறதப் பூராம் பிடிச்சுச்சே, அந்தப் படந்தானண்ணே?” என்று கேட்டார் அந்த அம்மா. “அத எல்லாரும் கேக்கப் போறாகளா?”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இலாகாவில் பழகிய தலையாட்டல் ஒன்று இருக்கிறது, எந்தப் பக்கமும் சேராதது. அதைச் செய்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

திரையிடல் அன்று ராமலிங்கம் இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையோடு சக்கர நாற்காலியில் வந்தார். அவரைப் பார்த்ததும் சுகன்யாவின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் அதற்குள் அவளை முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நடுவர்களுக்கு மேடம், ‘பேசாப் பொருள்கள்’ என்று தலைப்புச் சொல்லி, இந்தப் படத்தில் ஒலியின்மைதான் நாயகன் என்று அறிமுகம் செய்தார். கதவைச் சாத்தி விளக்கை அணைத்து ஓட்டினேன்.

கதவு தெரிந்தது. அறை நிசப்தம். நடுவர்களில் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டார். அரை நிமிடம் போயிருக்கும். சக்கர நாற்காலியிலிருந்து சத்தமாக, நிதானமாக ஒரு குரல் வந்தது.

“சத்... சத்தம் வரல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது என்ன என்று புரிந்திருக்கும்; சினிமாக் கொட்டகையில் ஒலிக்கும் அந்தப் புகாருக்கு எல்லா மொழியிலும் ஒரே தொனிதான். பதினான்கு வருடத்தில் ரோஸ் சீட்டில் எழுத வேண்டியதைச் சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் நேராக என்னைப் பார்த்தார், ஒரு அரசு ஊழியர் இன்னொரு அரசு ஊழியரைப் பார்ப்பது போல. “சத்தம் வரல” என்றார் மறுபடியும். இந்தத் தடவை திக்கவில்லை.

மேடம் இருட்டில் என் பக்கம் விரலை அசைத்தார். மணியைத் தட்டுங்கள் என்று அர்த்தம். நான் மணியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு சுகன்யாவைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள்.

“ஆன் பண்ணுங்க அங்கிள்” என்றாள்.

படத்தை நிறுத்தினேன். அசல் கோப்பை எடுத்தேன். மிக்ஸரை முதலில் பார்த்துக்கொண்டேன், ஏற்றியிருந்தது. ஓட்டினேன்.

“இது என்னப்பா?” என்று ஒலிபெருக்கியில் சுகன்யாவின் குரல் கேட்டது. ஒலிபெருக்கியில் இருந்த ராமலிங்கம் “க... கத...” என்று திணற ஆரம்பித்தார். சக்கர நாற்காலியில் இருந்த ராமலிங்கம் பொறுமை இல்லாமல், “கதவு” என்றார். குக்கர் வந்தது. “குக்கர்.” செருப்புக்கு, “செருப்பு, பழசு.” அந்தப் பக்கம் பழைய ஆள் சொல் கிடைக்காமல் தவிக்க, இந்தப் பக்கம் இவர் முந்திக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். கடிகாரத்தைப் பார்த்து ஒலிபெருக்கி ‘ஆபீஸ்’ என்றபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஆபீஸாம்ல. கடியாரம்” என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் சுகன்யா திரையில் வந்து நின்றாள். “இது யாருப்பா?” என்று கேட்டது ஒலிபெருக்கி. அந்தப் பக்கம் பதில் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை. அவர் திரையைப் பார்த்தபடி வாயை அசைத்தார், ஒன்றும் வரவில்லை. முன்னால் நின்றுகொண்டிருந்த சுகன்யா மெதுவாகக் கேட்டாள்.

“யாருப்பா அது?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். என்ன கேள்வி இது என்ற எரிச்சல் முகத்தில் தெரிந்தது.

“நீதான். வேற யாரு?”

விளக்கைப் போட எனக்குக் கொஞ்சம் நேரமானது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிட மௌனத்தை அன்று விதி இல்லாமலேயே எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

பிறகு நடுவர்கள் எழுதிய கருத்தை நான்தான் கோப்பில் வைத்தேன். பார்வையாளரைப் படத்துக்குள் கொண்டுவந்த விதம் துணிச்சலானது என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்றவர், நேரடிக் குரலுக்கும் பதிவான குரலுக்கும் நடுவில் ஒத்திகை எத்தனை நாள் நடந்தது என்று கேட்டிருந்தார். நீலச் சீட்டில் இருவரும், ‘இன்னும் நீளமாக இருக்கலாம்.’ சுகன்யா பாஸானாள். சக மாணவர் கருத்தை ஏற்று மாற்றம் செய்யாததால் பதினைந்துக்குச் சைபர். மதிப்பெண் பட்டியலை வாங்கும்போது அதைக் காட்டிச் சிரித்தாள். மேடம் கருத்தரங்குக் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை. தலைப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார் என்று கேள்வி.

எனக்கு ஒரு மெமோ வந்தது. திரையிடலின்போது பார்வையாளர் ஒருவரும் கலைஞரும் பேசியும் மணி அடிக்காததற்கும், சமர்ப்பிக்காத கோப்பை ஓட்டியதற்கும் மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டும் என்று. விதிமுறைத் தாளைப் பலமுறை படித்துவிட்டு, அதே மூன்று சீட்டில் பதில் எழுதினேன். என் சர்வீஸில் நான் எழுதிய முதல் கருத்தும் கடைசிக் கருத்தும் அதுதான். ரோஸ் சீட்டில், ‘ஒருவர் சத்தம் வரவில்லை என்றார். வரவில்லை.’ மஞ்சளில், ‘முதல் தடவை நாம் பதினான்கு பேர் அறையில் இருந்தோம், ஏன் ஒருவரும் சொல்லவில்லை?’ நீலத்தில், ‘படம் தொடங்கும் முன் மிக்ஸரைப் பார்க்கவும். டெக்னிக்கல் அசிஸ்டென்டையும் சேர்த்துப் பார்க்கவும்.’ மேடம் அதை வாங்கிக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் படித்தார். அச்சாகூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற அன்று பிரிவு உபசாரத்தில் எனக்குச் சால்வையோடு அந்த மணியையும் கொடுத்தார்கள். மேடம்தான் கொடுக்கச் சொன்னாராம்.

அது இப்போது எங்கள் சமையலறை மேடையில் இருக்கிறது. சாப்பாடு தயாரானால் என் மனைவி தட்டுவாள். ரஜனி கேட்டது ஒரு பக்கம். நான் எழுதியது எங்கேயோ நீண்டுகொண்டே போய்விட்டது, யார் படிக்கப் போகிறார்கள் என்றும் தெரியவில்லை. அந்த மூன்று சீட்டின் நகல் என்னிடம் இருக்கிறது, அரைப் பக்கம்தான் வரும். அதையே அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.